கொடுவா வந்துபோகும் வழி: திருப்போரூர் உப்பங்கழியில் ஒரு பயணம்

மீன் விற்கும் செயலிகளைத் திறந்தால் 'இந்தியன் சால்மன்' என்று ஒரு மீன் கண்ணில் படும். விலையும் சற்றுத் தூக்கலாகவே இருக்கும். சென்னை மீன் சந்தைகளில் அதே மீனுக்குப் பெயர் காலா. பெயரில் சால்மன் இருக்கிறதே தவிர, காலாவுக்கும் சால்மனுக்கும் குடும்ப உறவு கிடையாது.

உண்மையான சால்மன் குளிர்ந்த நீரில் வாழ்கிற மீன். தமிழ்நாட்டில் அதன் சொந்தக்காரர் யாரையாவது பார்க்க வேண்டுமானால் நீலகிரிக்குத்தான் போக வேண்டும். ஊட்டி அருகே அவலாஞ்சியில் 1907-ல் வில்சன் என்ற ஆங்கிலேயர் அமைத்த பொரிப்பகத்தில் வளர்த்து விடப்பட்ட டிரவுட் மீன்கள், சால்மன் குடும்பத்தைச் சேர்ந்தவை. சமவெளியின் சூட்டை அவை தாங்காது.

ஆனால் சால்மனை உலகப் புகழ் பெறச் செய்தது அதன் ருசி மட்டுமல்ல, அதன் பயணமும்தான். ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, பிறந்த ஆற்றைத் தேடித் திரும்பும் பயணம். அப்படி இரண்டு தண்ணீரில் வாழ்கிற மீன்கள் நம் ஊரிலும் இருக்கின்றன. அவற்றின் பாதையைப் பார்க்க அமெரிக்கா போகத் தேவையில்லை. ஓ.எம்.ஆரில் திருப்போரூருக்குப் பேருந்து ஏறினால் போதும்.

வானத்தில் போர், தரையில் தண்ணீர்

சென்னையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் திருப்போரூர். கந்தசாமி கோயில்தான் ஊரின் முகவரி. முருகன் அசுரர்களோடு கடலில் போரிட்ட இடம் திருச்செந்தூர், நிலத்தில் போரிட்ட இடம் திருப்பரங்குன்றம், விண்ணில் போரிட்ட இடம் திருப்போரூர் என்பது தலபுராணம். மதுரையிலிருந்து வந்த சிதம்பர சுவாமிகள், பனங்காட்டில் புதைந்து கிடந்த கோயிலை மீட்டெடுத்தார் என்ற வரலாற்றை ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

கோயிலுக்கு வருகிற பலரும் தரிசனம் முடிந்ததும் வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். ஊரிலிருந்து கிழக்கே நெம்மேலியை நோக்கிச் செல்லும் சாலையில் கொஞ்ச தூரம் போனால் காட்சி சட்டென்று மாறுகிறது. வீடுகள் குறைகின்றன. மண் வெளுக்கிறது. உவர்மண்ணில் உமரிச் செடிகள் சிவப்பும் பச்சையுமாகப் படர்ந்து கிடக்கின்றன. அதற்கப்பால் ஆகாயத்தை விரித்துப் போட்டது போல ஒரு நீர்ப்பரப்பு. அதுதான் உப்பங்கழி.

இந்த நிலத்தின் அமைப்பு எளிமையானது. மேற்கே குன்றுகளும் காப்புக்காடுகளும். அவற்றின் அடியில் தையூர், சிறுதாவூர், மானாமதி என வரிசையாக ஏரிகள். நடுவில் ஓ.எம்.ஆர். அதற்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும் ஒட்டி ஒட்டிக் கிடக்கின்றன. அப்புறம் இ.சி.ஆர். அதைத் தாண்டினால் கடல். குன்றில் பெய்கிற மழை ஏரியில் நிறைந்து, கலங்கல் வழியாக வழிந்து, கழியில் சேர்ந்து, வடக்கே முட்டுக்காட்டுக்கும் கோவளத்துக்கும் இடையிலுள்ள முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகிறது.

வடக்கிலிருந்தும் தண்ணீர் வருகிறது. 2022-ல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் உபரி நீர், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, இதே முகத்துவாரத்தைத்தான் தேடி வருகிறது. தென்சென்னையில் வெள்ளம் வந்தால் அது வடிய வேண்டிய முக்கியமான வாசல் இது.

ஆக, கழியின் தண்ணீர் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை வெள்ளம் புகும்போது ஏறக்குறைய நல்ல தண்ணீராகிவிடும். தை, மாசியில் உப்பும் இனிப்பும் பாதிப் பாதி. சித்திரை, வைகாசி வெயிலில் முகத்துவாரத்துக்குத் தூரமாக உள்ள ஆழமில்லாத பகுதிகளில் நீர் வற்ற வற்ற, உப்பு கடலையே மிஞ்சிவிடும். கேளம்பாக்கம் பக்கம் உப்பளங்கள் உருவானதும் இந்த மண்ணின் குணத்தால்தான்.

சால்மன் ஏறும், கொடுவா இறங்கும்

இப்படி மாறிக்கொண்டே இருக்கும் தண்ணீரில் யார் வாழ முடியும்? இரண்டு தண்ணீருக்கும் உடம்பைப் பழக்கிக்கொண்டவர்கள்தான். அவர்களில் முதலாவது, கொடுவா.

மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கொடுவாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. முள் குறைவு, சதை வெள்ளை, குழம்புக்கும் வறுவலுக்கும் ஏற்றது. கேரளத்தில் இதையே காளாஞ்சி என்கிறார்கள். கொல்கத்தாவில் பெட்கி. ஆஸ்திரேலியாவில் பரமுண்டி. மீன் ஒன்றுதான்.

கொடுவாவின் வாழ்க்கை சால்மனின் வாழ்க்கையைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது போன்றது. சால்மன் முட்டையிடுவது ஆற்றின் மேல்பகுதியில், குளிர்ந்த நீர் ஓடும் கூழாங்கற்களுக்கு இடையே. குஞ்சுகள் ஆற்றோடு இறங்கிக் கடலுக்குப் போகின்றன. சில ஆண்டுகள் கழித்து, வளர்ந்த மீன்கள் தாங்கள் பிறந்த ஆற்றுக்கே திரும்புகின்றன. பிறந்த நீரின் வாசனையை அவை நினைவில் வைத்திருக்கின்றன என்பதை அமெரிக்க விஞ்ஞானி ஆர்தர் ஹேஸ்லர் 1950-களில் தொடங்கிய ஆய்வுகள் காட்டின. பசிபிக் சால்மன்கள் முட்டையிட்டதோடு இறந்துவிடுகின்றன. செத்த மீனின் உடல் கரடிக்கும் கழுகுக்கும் உணவாகி, கரையோர மரங்களுக்கும் உரமாகிறது.

கொடுவா இதற்கு நேர்மாறு. அது முட்டையிட உப்பு வேண்டும். கடல் நீரோடு ஒட்டிய உப்புத்தன்மை இருக்கும் முகத்துவாரப் பகுதியில், அமாவாசை, பௌர்ணமி ஓதங்களை ஒட்டி, லட்சக்கணக்கில் முட்டைகளை விடும். ஒரு நாளுக்குள்ளேயே பொரிந்துவிடும் குஞ்சுகள் ஓதத்தோடு உள்ளே வந்து கழியில் ஒதுங்கும். ஆழமில்லாத நீர், சிறு இறால், சிறு மீன், ஒளிந்துகொள்ளச் செடிவேர். வளர்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. வழி இருந்தால் நல்ல தண்ணீர் ஏரி, ஓடை வரைகூட ஏறிப் போய்ச் சில ஆண்டுகள் வளர்ந்துவிட்டு, பருவம் வந்ததும் மறுபடி கடல் வாசலுக்கு இறங்கும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறுகிறது. அதாவது பெரிய கொடுவாக்களில் பெரும்பாலானவை பெண்கள். பெரிய மீனாகப் பார்த்துப் பார்த்துப் பிடித்தாலோ, அவை கடலுக்கு இறங்கும் வழியை அடைத்தாலோ, அடுத்த தலைமுறையின் தாய்கள்தான் முதலில் குறைவார்கள்.

பருவத்துக்கு ஒரு விருந்தாளி

கொடுவா மட்டும் இல்லை. வடகிழக்குப் பருவமழையை ஒட்டிக் கடலில் முட்டையிடும் மடவையின் குஞ்சுகள், முகத்துவாரம் வழியாகக் கூட்டம் கூட்டமாகக் கழிக்குள் நுழைகின்றன. மடவை அடிச் சேற்றைச் சலித்துத் தின்னும் மீன். சேற்றில் படியும் பாசியையும் மக்கையும் மீன் சதையாக மாற்றித் தருவது இதன் வேலை.

மழைக்காலத்து விருந்தாளி மடவை என்றால், கோடைக்கு பால் கெண்டை. சோழமண்டலக் கரையோரம் பங்குனி, சித்திரை வாக்கில் கண்ணாடி போன்ற உடலும் இரண்டு கறுப்புக் கண்ணுமாக இதன் குஞ்சுகள் கரையோரத்துக்கு வருகின்றன. பிலிப்பைன்ஸ் நாட்டுச் சாப்பாட்டில் தவிர்க்க முடியாத 'பாங்குஸ்' இதுதான். சூட்டையும் உப்பையும் ஒருசேரத் தாங்குகிற மீன் என்பதால், கோடைக் கழியிலும் பிழைத்துக்கொள்ளும்.

விலாங்கின் கதை இன்னும் நீளமானது. 'பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும்' என்று நாம் கேலி செய்கிற விலாங்கு, வாழ்நாளின் பெரும்பகுதியை ஏரியிலும் ஆற்றிலும் கழித்துவிட்டு, முட்டையிட மட்டும் ஆழ்கடலுக்குப் போகிறது. நன்னீருக்கு ஒரு முகமும் கடலுக்கு ஒரு முகமும் காட்டுவது அதற்குப் பிழைப்பு.

வெள்ளை இறாலும் அப்படித்தான். கடலில் முட்டை, கழியில் வளர்ச்சி, மறுபடி கடல். சேற்று நண்டும் முட்டை விடக் கடலுக்குத்தான் இறங்குகிறது. கோவளத்துக் கடலில் வலை வீசுகிறவருக்குக் கிடைக்கும் இறாலில் ஒரு பங்கு, சில மாதங்களுக்கு முன் உள்ளே இந்தக் கழியில் குஞ்சாக இருந்ததுதான். ஏரிக்கரை விவசாயியும் கடல் மீனவரும் ஒருவரையொருவர் பார்த்திராமலே ஒரே தண்ணீரால் கட்டுண்டிருக்கிறார்கள்.

முட்டுக்காட்டில் ஒரு பிரசவ வார்டு

முட்டுக்காடு என்றதும் படகுக் குழாம்தான் நினைவுக்கு வரும். இப்போது மிதக்கும் உணவகக் கப்பலும் வந்துவிட்டது. அதே முட்டுக்காட்டில், சுற்றுலாப் பயணிகள் கவனிக்காமல் கடந்துபோகும் இன்னோர் இடம் இருக்கிறது. மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனை நிலையம். 1987-ல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனத்தின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது.

கொடுவாவை வளர்க்க விரும்பும் பண்ணைக்காரர்கள் ஒரு காலத்தில் கழியிலும் கடலோரத்திலும் குஞ்சு பொறுக்கித்தான் வளர்க்க வேண்டியிருந்தது. இயற்கையில் குஞ்சு கிடைப்பது ஓராண்டு போல மறு ஆண்டு இருப்பதில்லை. இந்தியாவிலேயே முதன்முறையாகக் கொடுவாவைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்தது இந்த நிலையம்தான். ஆண்டு 1997.

கேட்க எளிதாக இருந்தாலும் இது நுணுக்கமான வேலை. தாய் மீன்களுக்குக் கடல் உப்புள்ள நீர் வேண்டும். உரிய நேரத்தில் ஹார்மோன் கொடுக்க வேண்டும். பொரிந்த குஞ்சுக்கு, கண்ணுக்குத் தெரியாத அளவிலான உயிருள்ள இரையைத் தனியாக வளர்த்துப் போட வேண்டும். கொஞ்சம் வளர்ந்ததும் இன்னொரு தலைவலி. பெரிய குஞ்சு சின்னக் குஞ்சை விழுங்கிவிடும். அதனால் சில நாட்களுக்கு ஒருமுறை அளவு பார்த்துப் பிரித்து, வேறு வேறு தொட்டியில் விட வேண்டும்.

2015-ல் பால் கெண்டையையும் இதே நிறுவனம் பொரிக்க வைத்தது. அந்த மீனின் ருசி வங்காளிகள் கொண்டாடும் ஹில்சாவைப் போல இருக்கிறது என்பதால் 'டெக்கான் ஹில்சா' என்றும் அதற்கு ஒரு பெயர் சூட்டப்பட்டது.

பொரிப்பகம் இருக்கும்போது கழி எதற்கு என்று தோன்றலாம். தொட்டியில் பிறக்கும் குஞ்சுகள் பண்ணைக்குப் போகின்றன. அவை யாருடைய முதலீடோ அவர்களுக்குத்தான் வருமானம். கழியில் பிறந்து வளரும் மீன் யாரும் தீனி போடாமல், யாரும் பம்பு ஓட்டாமல் வளர்கிறது. கையில் வலை மட்டுமே உள்ளவருக்கும் அதில் பங்கு உண்டு.

வலையும் இல்லாதவர்கள்

வலைகூட இல்லாதவர்களும் இருக்கிறார்கள். காலையில் நீர் இறங்கும் நேரத்தில், சென்னையைச் சுற்றியுள்ள கழிகளில் கழுத்தளவு நீரில் சிலர் மெதுவாக நகர்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். தூரத்திலிருந்து பார்த்தால் குளிப்பது போலத் தெரியும். கிட்டப் போனால்தான் விஷயம் புரியும். இரண்டு கைகளாலும் அடிச் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட பறி என்கிற கூடையைக் கழுத்தில் மாட்டியோ, அதன் வாயைப் பல்லால் கடித்தோ வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் இருளர் குடும்பங்கள். பெண்கள்தான் அதிகம்.

பாம்பு பிடிப்பதில் இருளர்களுக்கு உள்ள திறமை உலகறிந்தது. இதே கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் 1978 முதல் இயங்கும் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் பாம்பு நஞ்சுதான், பாம்புக்கடிக்கு மருந்து தயாரிக்கப் போகிறது. ஆனால் சேற்றைத் தடவி இறாலின் மீசையை விரல் நுனியில் உணர்கிற திறமைக்குச் சங்கமும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை.

இந்தத் தொழிலுக்கு முதலீடு இரண்டு கைகளும் மூச்சும்தான். அதனாலேயே தண்ணீரில் ஏற்படும் மாற்றம் முதலில் தாக்குவதும் இவர்களைத்தான். ஓ.எம்.ஆரின் குடியிருப்புகளும் அலுவலகங்களும் பெருகப் பெருக, பக்கிங்காம் கால்வாயில் சாக்கடையும் பெருகுகிறது. படகில் போகிறவர் மூக்கைப் பொத்திக்கொள்வதோடு முடிந்துவிடும். கழுத்தளவு நீரில் நிற்பவர் அந்தத் தண்ணீருக்குள்ளேயே மணிக்கணக்கில் இருக்க வேண்டும்.

மணல் போடும் தாழ்ப்பாள்

மீனுக்கும் மனிதருக்கும் இந்தக் கழியில் எல்லாமே ஓர் இடத்தை நம்பி இருக்கிறது. அது முகத்துவாரம்.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் கரையோர மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றில் வடக்கிலிருந்து தெற்கே. இந்த மணல் ஓட்டம் முகத்துவாரத்தைக் கடக்கும்போது, உள்ளிருந்து வெளியேறும் நீருக்கு வேகம் இருந்தால் மணலைத் தள்ளிவிடும். வேகம் இல்லாவிட்டால் மணல் மேடு எழும். கோடையில் அந்த மேடு வாசலைக் குறுக்கிவிடும். சில நேரம் அடைத்தும் விடும். பிறகு பொக்லைன் வைத்துத் தோண்ட வேண்டியிருக்கும், அல்லது ஐப்பசி வெள்ளம் வந்து உடைக்க வேண்டும்.

'மழைத்தண்ணி எல்லாம் வீணா கடலுக்குப் போகுது' என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறோம். முட்டுக்காட்டில் நின்று பார்த்தால் கடலுக்குப் போகும் நீர் மூன்று வேலைகளைச் செய்வது தெரியும். வாசல் மணலைக் கழுவுகிறது. தென்சென்னையின் வெள்ளத்தை வடிக்கிறது. உள்ளே வரச் சொல்லி மீன் குஞ்சுகளுக்குச் சேதி அனுப்புகிறது. கடலில் இருக்கும் குஞ்சுகளுக்குக் கழியின் திசையைக் காட்டும் குறிப்புகளில், நல்ல தண்ணீர் கலந்து வரும் அந்த மாற்றமும் ஒன்று.

சென்னையின் தாகம்

இந்த இடத்தில்தான் கதை சிக்கலாகிறது. 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு, திருப்போரூர் அருகே கோவளம் உபவடிநிலத்தில் சுமார் 350 கோடி ரூபாயில் ஒரு புதிய நீர்த்தேக்கம் அமைக்கப்படும் என அறிவித்தது. திட்டமிட்ட கொள்ளளவு 1.6 டி.எம்.சி. அதாவது சுமார் 4,500 கோடி லிட்டர். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை ஆகியவற்றுக்கு அடுத்து, சென்னையின் ஆறாவது நீர்த்தேக்கம் இது.

இதற்கான தேவையை யாரும் மறுக்க முடியாது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது மறந்துவிடக்கூடியதல்ல. குடம் வைத்து வரிசையில் நின்றவர்கள் அதிகம் பேர் ஏழைகள். நெம்மேலியில் 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது. 2024-ல் 15 கோடி லிட்டர் திறனுள்ள இன்னோர் ஆலை அதன் அருகிலேயே திறக்கப்பட்டது. அவற்றுக்கு மின்சாரம் நிறைய வேண்டும். பெய்கிற மழையைப் பிடித்து வைப்பது அதைவிடச் சிக்கனம் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது.

மறுபக்கம், மீனவர்களும் சூழலியல் ஆர்வலர்களும் கேட்கும் கேள்விகளிலும் நியாயம் இருக்கிறது. உப்பும் இனிப்பும் கலந்து கிடக்கும் நிலத்தைக் கரை கட்டி நல்ல தண்ணீராக்கினால், கலப்பு நீரையே நம்பியிருக்கும் மீனும் இறாலும் எங்கே போகும்? கழியின் தென்பகுதியில் நீர் தேங்கிவிட்டால், முகத்துவாரத்து மணலைத் தள்ளும் வேகம் எவ்வளவு குறையும்? கையால் இறால் பிடிக்கிறவருக்கு இழப்பீடு தர வேண்டுமென்றால், பட்டாவும் இல்லாத, படகும் இல்லாத அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

காவிரியில் நடந்தது

அணைக்கும் மீனுக்கும் இடையிலான வழக்கு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சால்மனைப் போலவே கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறும் மீன் ஒன்று காவிரியில் இருந்தது. வங்காளிகளின் ஹில்சாதான் அது. தமிழில் உல்லம். 1934-ல் மேட்டூர் அணை கட்டப்பட்டதற்குப் பிறகு, காவிரியில் உல்லம் ஏறுவது அருகிப்போனது. கங்கையில் 1975-ல் ஃபராக்கா தடுப்பணை வந்தபோதும் அதேதான் நடந்தது. அலகாபாத்தையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்த ஹில்சா, அணைக்கு மேலே அரிதாகிவிட்டது.

மேட்டூர் அணை டெல்டாவுக்குச் சோறு போட்டது. அதைக் கட்டியிருக்கக் கூடாது என்று யாரும் சொல்லப்போவதில்லை. மீனுக்கு ஒரு வழி வைத்துக் கட்டியிருக்கலாமா என்று மட்டும் இப்போது கேட்கலாம்.

அமெரிக்காவில் அந்தக் கேள்வி நூறாண்டு கழித்துத் திரும்பி வந்தது. கலிஃபோர்னியா, ஒரேகான் மாநிலங்களில் ஓடும் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை இடித்து அகற்றும் வேலை 2024-ல் முடிந்தது. யூரோக், காருக் போன்ற பூர்வகுடிகள் பல ஆண்டுகள் போராடிப் பெற்ற வெற்றி அது. வேலை முடிந்த சில வாரங்களிலேயே, ஒரு நூற்றாண்டுக்கு மேல் எட்டாமல் இருந்த மேல்பகுதிக்குச் சால்மன்கள் வந்து சேர்ந்தன. கட்டிய அணையை இடிக்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால், கட்டும் முன்பே யோசிப்பது மலிவு.

எப்படி யோசிப்பது என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பாடம் இருக்கிறது. அதில் கதாநாயகன் நம் கொடுவாவேதான். குயின்ஸ்லாந்து மாநிலத்தின் ராக்ஹாம்ப்டன் நகரில், ஃபிட்ஸ்ராய் ஆறு கடலைத் தொடும் பகுதியில் 1970-ல் ஒரு தடுப்பணை கட்டினார்கள். மீன்கள் மேலேற, படிப்படியாகத் தொட்டிகள் வைத்த மீன் ஏணியும் அமைத்தார்கள். ஆனால் அந்த நாட்டின் பழைய மீன் ஏணிகள் பலவும் வட அமெரிக்க, ஐரோப்பிய ஆறுகளில் சால்மனுக்காகச் செய்ததைப் பார்த்துச் செய்தவை. சால்மன் துள்ளித் தாவும். கொடுவா துள்ளி ஏறுகிற மீன் அல்ல. அதனால் அந்த ஏணி பெரிதாகப் பயன்படவில்லை. 1994-ல், துள்ளத் தேவையில்லாமல் நீந்தியே கடக்கும்படி செங்குத்தான இடைவெளிகள் வைத்து அதை மாற்றிக் கட்டினார்கள். அதன்பின் மேலேறும் மீன்களின் எண்ணிக்கை பல மடங்கு கூடியது.

ஊருக்கு ஊர் மீன் மாறும், மீனுக்கு மீன் வழி மாறும் என்பதை ராக்ஹாம்ப்டன் 24 ஆண்டுகளில் கற்றுக்கொண்டது. திருப்போரூரில் அந்த 24 ஆண்டுகளை மிச்சப்படுத்த முடியும். கொடுவாவின் உடலையும் பருவத்தையும் அறிந்த ஆராய்ச்சி நிலையம் அதே கழியின் கரையில், முட்டுக்காட்டிலேயே இருக்கிறது. எந்த மாதத்தில் எந்தக் குஞ்சு எங்கே நுழைகிறது என்பதைக் கழுத்தளவு நீரில் நிற்பவர்கள் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். மதகு எங்கே, எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நீரை முகத்துவாரத்துக்கு விட வேண்டும், மீன் ஏற எந்த மாதிரி வழி வேண்டும் என்ற கேள்விகளோடு இந்த இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைப்பதற்கு 350 கோடி தேவைப்படாது.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு

தை முதல் பங்குனி வரை நல்ல காலம். அதிகாலையில் கேளம்பாக்கம் - கோவளம் சாலைப் பாலத்தில் நின்றால் இரண்டு பக்கமும் கழி விரிந்து கிடக்கும். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, பவளக்காலி உள்ளான் ஆகியவற்றை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். நீர் மட்டம் ஒத்துவந்தால் பூநாரைக் கூட்டமும் வரும். பைனாகுலர் இருந்தால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். பாலத்தில் வண்டிகள் வேகமாக வரும் என்பதால் அவர்கள் கையைப் பிடித்துக்கொள்வது நல்லது.

அங்கிருந்து தெற்கே திருப்போரூர். கோயிலுக்குப் போய்விட்டு, நெம்மேலிச் சாலையில் மெதுவாகக் கழியைக் கடந்து இ.சி.ஆருக்கு வரலாம். வடக்கே திரும்பினால் முதலைப் பண்ணை, கோவளம், முட்டுக்காடு. கழியில் இறங்குவது வேண்டாம். சேறு எங்கே ஆழம் என்று பழகியவர்களுக்கு மட்டுமே தெரியும். பிளாஸ்டிக் பையைக் காற்றில் விட்டால் அது நேராகக் கால்வாய்க்குத்தான் போகும்.

முட்டுக்காடு பாலத்தில் ஒரு நிமிடம் நின்று கிழக்கே பார்த்தால், மணல் மேட்டுக்கும் அலைக்கும் நடுவே கழி கடலைத் தொடும் இடம் தெரியும். கொஞ்சம் அகலம்தான். ஓதம் ஏறும் நேரமாக இருந்தால் கடல் நீர் உள்ளே தள்ளிக்கொண்டு வருவதைக் காணலாம். அதோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத அளவில், அடுத்த ஆண்டு யாரோ ஒருவர் வீட்டுக் குழம்பில் கொதிக்கப்போகும் மடவையும் கொடுவாவும் உள்ளே வந்துகொண்டிருக்கும்.